டாப்வாட்டர் லூருக்கு எந்த முள்? வாசகர் கேள்விகள்

பாப்பரில் (வாயால் தண்ணீரைத் தெறிக்கவிடும், நீர்மேல் மிதக்கும் செயற்கை இரை, அதாவது லூர்) வந்த தூண்டில் முள் மெல்லியதாகத் தெரிந்ததால் 4எக்ஸ் (எக்ஸ் எண் கூடினால் கம்பி தடிப்பு) ட்ரெபிள் (மும்முனை முள்) மாட்டினேன். இப்போது லூர் சரியாகத் தண்ணீர் தெறிப்பதில்லை. ஏன்?

முள் கனத்துவிட்டது. மிதக்கும் லூரில் முள்ளின் எடையும் மிதப்புக் கணக்கில் சேர்த்திதான். பாப்பர்களில் பலவும் வாலை இறக்கி, வாயைத் தூக்கி நிற்கும்படி செய்யப்படுபவை. வயிற்று முள் கனத்தால் முன்பக்கம் அமிழ்ந்து, இழுத்ததும் வாய் தண்ணீருக்குள் போய்விடும். 'பளக்' சத்தம் வராது. பென்சில் வகை (நீண்டு ஒல்லியான) லூரில் இன்னும் மோசம், இடமும் வலமும் ஆடும் ஆட்டமே செத்துப்போகும்.

மாற்றும் முன் பழைய முள்ளை ஸ்பிளிட் ரிங்கோடு (முள்ளை லூரில் மாட்டும் வளையம்) சேர்த்துக் கிராம் தராசில் வையுங்கள். புதியது அதை ஒட்டியே இருக்கட்டும். தராசு இல்லையா? வாளித் தண்ணீரில் லூரை மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். முள் மாற்றியபின் அந்தக் கோடு முங்கினால் கனம் அதிகம்.

அப்புறம், தடித்த கம்பி மீன் வாயில் இறங்க ராடை (தூண்டில் கோலை) ஓங்கி அடிக்க, அதாவது வெடுக்கென்று இழுக்க வேண்டும். லேசான ராடில் அது நடக்காது. உங்களுக்கு 2எக்ஸ் போதும் என்பது என் கணிப்பு. அதிலும் கனத்தால் ஒரு அளவு சின்னதாக எடுங்கள்.

4, 2, 1/0 என்று எண்கள் குழப்புகின்றனவே?

6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 தாண்டினால் 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், பழைய முள்ளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

ட்ரெபிளுக்குப் பதில் ஒற்றை முள் போடலாமா?

தாராளமாக. பாசியில் சிக்குவது குறையும், மீனை விடுவிப்பதும் சுலபம். ஆனால் 'இன்லைன்' என்று விற்கும் முள்ளையே வாங்குங்கள். சாதாரண முள்ளின் கண் வேறு பக்கம் திரும்பியிருப்பதால், ஸ்பிளிட் ரிங்கில் மாட்டினால் முனை பக்கவாட்டில் நிற்கும். வயிற்று முள்ளின் முனை தலையைப் பார்க்கட்டும், வால் முள்ளின் முனை மேலே பார்க்கட்டும். ஒற்றை முள் லேசு என்பதால் ட்ரெபிளைவிட ஓரிரு அளவு பெரிதாகப் போடுவது வழக்கம். இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தொடக் கூடாது, அது மட்டும் முக்கியம்.

மீன் பாய்ந்து அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லை. பெரிய முள் போடவா?

வேண்டாம். முதலில் கையைக் கட்டுப்படுத்துங்கள். தண்ணீர் வெடித்த சத்தத்துக்கு ராடைத் தூக்காமல், மீனின் கனம் லைனில் தெரிந்தபின் அடியுங்கள். முனையை நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் முனை மழுங்கிவிட்டது. அதற்கும் சரியாகவில்லை என்றால் வாலில் இறகு கட்டிய ட்ரெபிள். லூர் நின்ற பிறகும் இறகு அசைந்துகொண்டே இருக்கும்.

தவளை லூரில் விரால் நழுவுகிறது.

உடம்பை விரலால் அமுக்குங்கள். இரட்டை முள்ளின் முனைகள் பளிச்சென்று வெளியே வர வேண்டும். வராவிட்டால் பிளையரால் இரண்டையும் துளி வெளிப்பக்கம் வளையுங்கள், துளி மட்டுமே. அதிகம் வளைத்தால் புல்லெல்லாம் உங்களுக்குத்தான்.

கடலில் போட்டுவந்த முள் துருப்பிடிக்கிறது.

நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். ஈர லூர் ஒன்று போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் துருவேறும். முனையில் துரு ஏறிய முள்ளைத் தீட்டி மெனக்கெடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.