கடன் வாங்கி என்ஏபிஹெச் சான்று பெறலாமா?

கேள்வி: தேனி மாவட்டத்தில் நானும் என் கணவரும் 30 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஹெச் சான்று இருந்தால் வருமானம் கூடும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் பணமோ மாதக்கணக்கில் இழுக்கிறது. வங்கிக் கடன் வாங்கி இதில் இறங்கலாமா?

பதில்: டாக்டர், சான்று உங்களுக்குத் தேவைதான். ஆனால் அதற்காக இப்போதே கடன் வாங்காதீர்கள்.

கடந்த ஓராண்டு பில்களை மூன்றாகப் பிரியுங்கள்: நோயாளி கையிலிருந்து கட்டியது, இன்சூரன்ஸ் நிறுவனம் நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ், அரசுத் திட்டம். சான்றால் கட்டணம் நேரடியாகக் கூடுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் திட்டத்தில் சான்று இல்லாத மருத்துவமனைக்கு 15 சதவீதம் குறைவு. ஆயுஷ்மான் பாரத் வழிகாட்டுதலில் முதல் படியான என்ட்ரி லெவல் சான்றுக்கு 10 சதவீதமும் முழு அங்கீகாரத்துக்கு 15 சதவீதமும் கூடுதல் உண்டு. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று திட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கையில் பணம் கட்டுபவர் உங்கள் இருவரையும் நம்பி வருகிறார், சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து அல்ல.

கேஷ்லெஸில் லாபம் வேறு வழியில் வரும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக பில்களைச் சரிபார்க்கும் டிபிஏ பிடித்தம் செய்த பில்களை எடுத்துப் பாருங்கள். எலும்பு முறிவுக்கு பிளேட் வைத்திருப்பீர்கள், அதன் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் இருக்காது. ஆபரேஷன் குறிப்பில் நேரம் இருக்காது, கையெழுத்து இருக்காது. அவர்கள் விளக்கம் கேட்பார்கள், பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் பதில் அனுப்புவதற்குள் நாள் ஓடிவிடும், கடைசியில் பிளேட்டின் விலையை வெட்டிவிட்டு மீதியைத் தருவார்கள். என்ட்ரி லெவலுக்குத் தயாராகும்போது கேஸ் ஷீட் எழுதும் பழக்கம் ஒழுங்காகும். இந்த வெட்டு குறைவதுதான் உங்கள் முதல் வருமானம்.

அப்புறம், டிபிஏ 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் பணம் தருகிறது. உங்கள் லாபம் குறைவு என்றால், ரீஃபண்ட் வரும்வரை அது முடங்கிக் கிடக்கும். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றுக்கு ஆடிட்டர் மூலம் வருமான வரித் துறையில் விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், கருவிக்குக் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை. சான்று பெற உதவும் ஆலோசகர் நீட்டும் கருவிப் பட்டியலை வரியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

விண்ணப்பக் கட்டணத்தைவிட, பயிற்சி பெற்ற நர்ஸ்களின் சம்பளம்தான் மாதாமாதம் கை கடிக்கும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இன்று இரவே வார்டில் ஒரு சுற்று வாருங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் மற்ற ஊசி மருந்துகளோடு கலந்து கிடக்கிறதா? நீர்க்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தனியாகப் பூட்டி வைக்க ஒரு சின்ன அலமாரி போதும். அவசர வண்டியில் உள்ள அட்ரினலின் காலாவதி ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். சான்று கிடைக்கும்வரை காத்திருக்கக் கூடாத வேலைகள் இவை.

ஆலோசகர் கட்டடத்தை இடித்து மாற்றச் சொன்னால், அது எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவ நிறுவனப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். தீயணைப்புத் துறை இன்னொரு மாடிப்படி கேட்டால், அதற்குக் கடன் வாங்குங்கள், தயங்க வேண்டாம். மற்றவற்றை ஆறு மாத வரவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.