முதல் வேலை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பிறந்து வளர்ந்தது வடசென்னை, தண்டையார்பேட்டை. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டி உதிரி பாகம் செய்கிற கம்பெனிகளில் ஆள் எடுக்கிற எச்.ஆர். வேலை. நம்ம ஏரியா பிள்ளைகள் இண்டர்வியூவுக்கு வரும்போது அடிக்கடி கவனிப்பது ஒன்று: சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், அந்த வேலை ரெக்கார்டில் ஏறுமா என்று கேட்க மாட்டார்கள். வேலைக்கு எடுத்த ஆர்டர், பே ஸ்லிப், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எதுவும் இல்லாமல் இரண்டு வருடம் உழைத்துவிட்டு, அடுத்த இடத்தில் 'ஃப்ரெஷர்' என்று உட்காருகிற பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

வியாசர்பாடி என்று அட்ரஸ் போட்டால் கூப்பிடவே மாட்டார்கள் என்கிறார்கள். அண்ணா நகரில் இருக்கும் சித்தி வீட்டு அட்ரஸைப் போடலாமா அக்கா? (பி.காம்., இந்த வருடம் முடித்தவர்)

போடாதே தம்பி. ஏரியா பெயரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். என்னோடு உட்கார்ந்து ஆள் எடுத்தவர்களிடமே இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் சித்தி வீட்டு அட்ரஸ் உன்னைக் காப்பாற்றாது. வேலைக்கு எடுத்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்று ஒன்று இருக்கிறது, சில கம்பெனிகளில் ஏஜென்சி ஆள் நேரில் வீட்டுக்கே வருவார், ஆதாரோடு ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் தவறான தகவல் கொடுத்ததாகத்தான் ரிப்போர்ட் போகும், கிடைத்த வேலையும் போய்விடும். ரெஸ்யூமேயில் கதவு எண், தெரு எல்லாம் தேவையில்லை, 'வியாசர்பாடி, சென்னை 600039' போதும். இண்டர்வியூவில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால், பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டியது நேரத்துக்கு வந்து சேர்வாயா என்பதுதான். எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்த பஸ் அல்லது ரயில் பிடித்து, எத்தனை மணிக்கு கேட்டில் நிற்பாய் என்று சேர்த்துச் சொல். முந்தின நாளே இந்த வழியில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டேன் என்று சொல்கிற பையனை எனக்கு உடனே பிடித்துப்போகும்.

டிகிரி முடித்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். காசிமேட்டில் அப்பாவோடு ஏலத்தில் நின்று கணக்கு மட்டும் எழுதினேன். இந்த கேப்பை எப்படிச் சமாளிப்பது?

நீ சும்மா இருக்கவில்லையே! விடியற்காலையில் எழுந்து, போட் கரைக்கு வந்ததும் எந்தக் கூடை யாருக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு கடன், ஐஸ் செலவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று சத்தத்துக்கு நடுவில் தப்பில்லாமல் எழுதியிருக்கிறாய். பில்லிங்கிலும் குடோன் ஸ்டாக்கிலும் நாங்கள் தேடுகிற திறமை அதுதான். ரெஸ்யூமேயில் 'குடும்பத் தொழில், மீன் மொத்த வியாபாரம், தினசரி ஏலக் கணக்கும் பாக்கி வசூலும்' என்று மாதம், வருடம் போட்டு எழுது. தினமும் சுமாராக எத்தனை பேர் கணக்கு, எவ்வளவு பணம் கையாண்டாய் என்று ஒரு வரி சேர். பெரிதாக்கிச் சொல்லாதே, உள்ளதைச் சொன்னாலே கனமாக இருக்கும்.

இது உனக்கு மட்டும் இல்லை. மாமா கடையில் நின்றது, கேட்டரிங் போனது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாவற்றையும் நம்ம பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். ரெஸ்யூமேயில் கிரிக்கெட், பாட்டு கேட்பது என்று போடுகிற இடத்தில் இதைப் போட்டால் கேள்வி கேட்க எங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும், நீயும் தெரிந்த விஷயத்தைத் தடுமாறாமல் பேசுவாய். அப்புறம் கம்ப்யூட்டரில் எக்செல் மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்து பழகிக்கொள், அந்த ஏலக் கணக்கையே அதில் போட்டுப் பழகு.

மாதம் 17,288 என்று ஆஃபர் லெட்டரில் இருந்தது, பாங்க்கில் 13,087 தான் ஏறியது. ஏமாற்றுகிறார்களா?

இல்லைமா, உன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. லெட்டரில் இருப்பது சி.டி.சி., அதாவது உனக்காகக் கம்பெனி செய்கிற மொத்தச் செலவு. உன் சம்பளம் 15,000. அதன் மேல் கம்பெனி தன் பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,800 ரூபாயும் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 488 ரூபாயும் கட்டுகிறது, அதுதான் 17,288. உன் சம்பளத்திலிருந்தும் பி.எஃப்.புக்கு அதே 1,800, இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் 113 பிடிப்பார்கள். மிச்சம் 13,087. கம்பெனி கட்டும் 1,800-ல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி 550 உன் பி.எஃப். கணக்கில் சேரும்.

பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை. யூ.ஏ.என். என்பது உன் பி.எஃப்.புக்கான 12 இலக்க எண், அதை வாங்கி பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பார். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் மூன்று மாதமாக ஒன்றும் ஏறவில்லை என்றால் எச்.ஆரிடம் மெயிலில் கேள், வாயால் கேட்காதே. இ.எஸ்.ஐ.யையும் வீண் பிடித்தம் என்று நினைக்காதே. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இது உண்டு, உன்னை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் கிடைக்கும், நமக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் 113 ரூபாய்க்கு வெளியே அப்படி ஒரு பாதுகாப்பு கிடைக்காது. கார்டு வந்ததும் குடும்பத்தார் பெயர்களைச் சேர்த்துவிடு, பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு அவசரத்தில் தவிக்கிறார்கள்.

துறைமுகத்தில் பர்மனென்ட் வேலை, ஒன்றரை லட்சம் கேட்கிறார் தெரிந்த ஒருவர். அம்மா நகையை வைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

கொடுக்காதே. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. துறைமுகமோ ரயில்வேயோ, அரசு வேலைக்கு அறிவிப்பு அவர்களின் சொந்த இணையதளத்தில் வரும், தேர்வு அல்லது மதிப்பெண் வைத்து எடுப்பார்கள், விண்ணப்பக் கட்டணம் தவிர வேறு பணமே கிடையாது. சீல் குத்திய கால் லெட்டர், ஐ.டி. கார்டு, மெடிக்கலுக்கு அழைத்துப் போவது வரை எல்லாமே போலியாகச் செய்வார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், கட்சிக்காரர் வழியாக வருவதால்தான் நம்ம வீடுகளில் நம்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு உட்காராமல் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள், ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தனியார் கன்சல்டன்சி ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் டெபாசிட் என்று கேட்டாலும் இதே பதில்தான்.

பாரிமுனையில், சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு க்ளியரிங் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், 12,000 தான். போகலாமா? பிளஸ் டூ முடித்திருக்கிறேன்.

முறையாக ஆர்டர் கொடுத்தால் போ. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலை விட்டுவிட்டு எங்கெங்கோ அலைகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ராஜாஜி சாலையில் சுங்க இல்லம், எதிரில் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி, மாதவரம் பக்கம் கண்டெய்னர் யார்டுகள், எல்லாம் நம்ம வாசலில். ஆரம்பத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையச் சொல்வார்கள். அந்த அலைச்சலில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எங்கே தப்பு வந்தால் சரக்கு நிற்கிறது என்று பார்த்துக்கொள். முதலில் உனக்கு எச் கார்டு, அதாவது க்ளியரிங் ஆபீஸ் உதவியாளருக்கான சுங்கத் துறை அடையாள அட்டை, எடுத்துத் தருவார்களா என்று கேள். அப்புறம் சுங்கத் துறை வைக்கிற தேர்வு எழுதி ஜி கார்டு வாங்கிவிட்டால் ஆவணங்களில் நீயே கையெழுத்துப் போடலாம், சம்பளத்தைப் பற்றி நீ பேசுகிற குரலே மாறிவிடும். அதற்கு மேல் எஃப் கார்டு, சொந்த லைசென்ஸ் வரை வழி இருக்கிறது. 12,000 என்கிற எண்ணைவிட, கற்றுக்கொடுக்கிற சீனியர் அந்த ஆபீஸில் இருக்கிறாரா என்று விசாரி.

சாப்பாடு டெலிவரி ஓட்டினால் கம்பெனி சம்பளத்தைவிட அதிகம் வருகிறது. பிறகு எதற்கு கம்பெனி?

வீட்டில் இன்றைக்கே பணம் வேண்டும் என்றால் ஓட்டு, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடு. கைக்கு வருவதில் பெட்ரோல், வண்டி சர்வீஸ், டயர், இ.எம்.ஐ., மழையில் ஓடாத நாள் எல்லாவற்றையும் கழி. கழித்தும் அதிகம் என்றால், அந்த அதிகத்தில் பி.எஃப். இல்லை, கம்பெனி வேலை மாதிரி இ.எஸ்.ஐ. இல்லை, மூன்று வருடம் கழித்து அடுத்த கம்பெனியில் காட்ட ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இல்லை. படித்த படிப்பும் ஆறிப்போகும். 20 வயதில் நிறைய வருகிறது, 30 வயதிலும் அதே அளவில்தான் நிற்கும் என்பதுதான் என் பயம். எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று இப்போதே வீட்டில் சொல்லிவிட்டு ஓட்டு, வாரத்தில் ஒரு நாளாவது இண்டர்வியூவுக்கு ஒதுக்கு.

ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஐ.சி.எஃப். அப்ரண்டிஸ் போனால் வேலை நிச்சயமா அக்கா?

நிச்சயம் இல்லை, ஆனாலும் போ. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம், அங்கே கற்றுக்கொள்கிற ஒழுங்கை வெளியே எந்த ஃபேக்டரியும் மதிக்கும். தேர்வு கிடையாது, மதிப்பெண் வைத்து எடுப்பார்கள். முடித்து, தேர்வு எழுதி, தேசியச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ரயில்வேயின் அடிப்படை நிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, அதற்கும் போட்டித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அப்ரண்டிஸ் காலத்தில் ஸ்டைபெண்ட் மட்டும், பி.எஃப். கிடையாது. தனியார் கம்பெனியில் 'அப்ரண்டிஸ்' என்று சொல்லி எடுத்தால், அரசு அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் கான்ட்ராக்ட் பதிவாகியிருக்கிறதா என்று கேள். பதிவாகவில்லை என்றால் கடைசியில் சான்றிதழும் வராது, தொழிலாளிக்குரிய சலுகையும் வராது, குறைந்த கூலிக்கு வேலை வாங்கியதுதான் மிச்சம்.

திருவொற்றியூரிலிருந்து ஓ.எம்.ஆரில் நைட் ஷிப்ட். வீட்டில் பயப்படுகிறார்கள்.

வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் கம்பெனி வண்டி எதுவரை வரும் என்று கேளுமா. பல கம்பெனிகள் இத்தனை கிலோமீட்டர் வரைதான் வண்டி என்று வைத்திருப்பார்கள், நம்ம ஏரியா அதற்கு வெளியே விழுந்துவிடும். 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, வீட்டு வாசல் வரை என்று மெயிலில் வரட்டும். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருப்பது பகல் ஷிப்டுக்கு உதவும், நள்ளிரவுக்கு உதவாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொள். இதையெல்லாம் அப்பாவிடம் காட்டிப் பேசு, பயம் பாதி குறையும்.

என் மகன் ஆறு மாதத்தில் இரண்டு வேலையை விட்டுவிட்டான். சூபர்வைசர் திட்டினார் என்கிறான். என்ன செய்வது? (ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை)

அக்கா, முதலில் அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். என்ன சொல்லித் திட்டினார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். சாதியையோ ஏரியாவையோ அம்மா அப்பாவையோ இழுத்துத் திட்டியிருந்தால் அவன் வெளியே வந்தது சரிதான், அந்த இடம் வேண்டாம். வேலையில் நடந்த தப்புக்குத் திட்டியிருந்தால் அது வேறு. சின்ன நோட்டு ஒன்று பையில் வைத்துக்கொண்டு, சொன்னதை எழுதி, புரியாததை அன்றைக்கே கேட்டால் முதல் இரண்டு மாதம் ஓடிவிடும், அதற்கு மேல் திட்டு தானாகக் குறையும். நான் பார்த்தவரை பிள்ளைகள் வேலை கஷ்டம் என்று ஓடுவதில்லை, கேட்க யாரும் இல்லாமல் தனியாக நின்று ஓடுகிறார்கள். அதே ஷிப்டில் கொஞ்சம் மூத்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை விடுவதாக இருந்தாலும் நோட்டீஸ் கொடுத்து ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வரக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒரு வருடம் வைத்துக்கொள்வோம் என்கிறார்கள்.

காட்டு, ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைக் கையோடு எடுத்து வா. மறுத்தால் வேறு இடம் பார்.

ஆர்டர் கேட்டால் 'சேர்ந்து ஒரு மாதம் போகட்டும்' என்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம். சண்டை போடாமல், 'பாங்க்கில் கேட்கிறார்கள்' என்று மெயிலில் கேட்டுப் பார். சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் மூன்றும் எழுத்தில் இருந்தால் போதும்.

குரூப் 4 படிப்பதா, வேலைக்குப் போவதா?

இரண்டும். வேலையை முழுதாக விட்டுவிட்டு வருடக்கணக்கில் உட்கார நம்ம வீடுகளில் வசதி இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசு நடத்துகிற இலவசப் பயிற்சி இருக்கிறது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பி. 200 கேள்வியில் 100 தமிழ், பஸ்ஸில் போகும் நேரத்தில் அதை முடித்துவிடலாம்.

நாளைக்கு கும்மிடிப்பூண்டியில் முதல் நாள். என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆதார், பான், பாங்க் பாஸ்புக், மார்க் ஷீட் எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ், நான்கு போட்டோ, ஒரு பேனா. ஃபேக்டரி என்றால் செருப்பு வேண்டாம், ஷூ. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒன்றை விட்டால் அடுத்தது வர நேரமாகும், அதனால் தேவைப்படுவதற்கு முந்தின வண்டியையே பிடி. முக்கியமாக இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய். ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து உன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று நம்ம ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும், பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது அங்கேதான் மாட்டும். வித்தியாசம் இருந்தால் நாளைக்கு சேரும் படிவத்தில் ஆதாரில் இருக்கிறபடியே எழுது, மற்றதை வார விடுமுறையில் திருத்திக்கொள்ளலாம்.