மரியோ பாதாள இசை ரீமிக்ஸ்: மெட்டை பேஸுக்குக் கொடுங்கள்

வணக்கம் நண்பரே. சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமின் நிலத்தடிக் கட்டங்களில் வரும் பாதாள இசையை ஃபங்க் (தாளமே முதன்மையான துள்ளல் இசை) பாணிக் கிட்டாரில் ரீமிக்ஸ் செய்தும், இயந்திரம் வாசித்ததுபோல் விறைப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிட்டாரும் மெட்டையே வாசிப்பதுதான் சிக்கல்.

கோஜி கொண்டோ 1985-ல் அமைத்த அந்த மெட்டே ஒரு பேஸ் லைன் (பாட்டைத் தாங்கும் கீழ்ச்சுர வரிசை) மாதிரிதான். அதனால் மெட்டை பேஸுக்கே கொடுத்துவிடுங்கள். சி, ஏ, பி ஃபிளாட் என்ற மூன்று சுரங்களும் ஆக்டேவ் தாவும், அதாவது அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். அப்புறம் ஒரு இடைவெளி. எவ்வளவு அருமையான இடைவெளி அது! கிட்டாருக்கு உரிய இடம் அதுதான்.

முதல் பகுதிக்கு சி 9 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு), எஃப் சுரத்தில் தொடங்கும் அடுத்த பகுதிக்கு எஃப் 9. முழு கார்டும் வேண்டாம். மெல்லிய மூன்று தந்திகளை மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம்) ஒரே விரலால் அழுத்துங்கள். எஃப் 9-க்கு அதையே எட்டாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்கள். வலது கை நிற்காமல் ஒரு தட்டுக்கு நான்கு வீச்சு போகட்டும். இடது கை விரலைத் தளர்த்தினால் "சிக்கு சிக்கு" என்று வெறும் தாளம் வரும். ஓரிரு வீச்சில் மட்டும் அழுத்தினால் போதும், பாட்டு ஆடத் தொடங்கிவிடும்.

பழைய கேம் கருவிகளின் சிப் ஒலியும் வேண்டுமென்றால் பேஸை ட்ரையாங்கிள் (முக்கோண வடிவ) ஒலி அலையில் வையுங்கள். நிண்டெண்டோவின் அந்த 8-பிட் கேம் கருவியில் இந்த அலையைத் தரும் ட்ரையாங்கிள் சேனலுக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது, எல்லா சுரமும் ஒரே பலத்தில் வரும். ஏற்ற இறக்கம் முழுக்க கிட்டாரிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸரைக் குறையுங்கள், கிட்டார் டிராக்கைக் குவான்டைஸ் (சுரங்களைத் தாளக் கட்டத்துக்குள் துல்லியமாக நகர்த்துவது) செய்யவே செய்யாதீர்கள். கிட்டார் டோன் கரகரப்பு சேர்க்காமல் கிளீனாகவே இருக்கட்டும்.

மாற்றியதும் இங்கே போடுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.