உங்கள் பால் அவன் நுரையீரலை அடைக்கவில்லை

நெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே மறுபடி சாப்பிட ஆரம்பியுங்கள் அம்மா. 28 வாரத்தில் பிறந்த மகனின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'ட்ரைகிளிசரைடு 310' (ரத்தத்தில் உள்ள கொழுப்பின் அளவு) என்றும், கீழே 'பிபிடி' (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு) என்றும் இருந்ததைப் பார்த்து, உங்கள் பால்தான் அவன் நுரையீரலில் கொழுப்பாகப் படிகிறதோ என்று பயந்திருக்கிறீர்கள். கிடையவே கிடையாது.

அந்த 310, ட்ரிப்பில் ஏற்றிய பால் போன்ற கொழுப்புக் கரைசலால் வந்தது. குடல் பழகும்வரை அவனுக்கு அதுதான் சாப்பாடு. ட்ரிப் நின்றதும் அளவு இறங்கிவிடும். இதனால் மாரடைப்பு வருமோ என்ற பேச்சையெல்லாம் விடுங்கள்.

பிறந்ததும் குழாய் வழியாக நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் விட்டார்களே, அதிலும் பெரும்பகுதி கொழுப்புதான். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதே அது. பிபிடி வந்தது, முற்றாத நுரையீரல் வென்டிலேட்டர் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் தாங்க வேண்டியிருந்ததால். இனிப் புதுக் காற்றறைகள் உருவாக வேண்டும். இரண்டு வயதுக்கு மேலும் உருவாகும். அதற்கு எடை ஏற வேண்டும். தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

யூடியூப் பார்த்து வாங்கிய மீன் எண்ணெய்ச் சொட்டு மருந்தை மூடி வையுங்கள். 29 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளுக்கு, மீன் எண்ணெயில் இருக்கும் டிஹெச்ஏ என்ற கொழுப்பைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017-இல் வந்தது. பிபிடி குறையவில்லை.

குளித்ததும் மாமியார் அவன் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார், பிறகு சாம்பிராணி போடுகிறார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான். மூக்கில் விட்ட எண்ணெய் நேராக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். ஏற்கெனவே அடிபட்ட நுரையீரல் அது. மாமியாருக்குப் பேரன் மேல் பாசம்தான். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உடம்பில் எண்ணெய் தேய்க்கட்டும், மூக்கில் வேண்டாம். புகையும், கொசுவத்தியும் வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது அவன் பால் குடிக்கும் விதத்தை. சட்டையைக் கழற்றிவிட்டுக் குடிக்க வையுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறானா, நெற்றி வியர்க்கிறதா, விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா? தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். மூச்சு 60-ஐத் தாண்டினால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குழி விழுந்தாலோ உதடும் நாக்கும் நீலமானாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனை தூரமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.