மூச்சிலேயே சிறுநீரக நோய் தெரியுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. 12 வருடமாகச் சர்க்கரை. முகக்கவசம் போட்டாலே சிறுநீரக நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, டாக்டர்? அவருக்கு ஊசி என்றாலே நடுக்கம்.

பதில்: பயிற்சி மருத்துவராக இருந்தபோது வார்டில் ஒரு பெரியவர் பக்கம் குனிந்தேன். அவர் மூச்சில் குப்பென்று அமோனியா நெடி. சிறுநீரகம் வெளியேற்றாத யூரியா என்ற கழிவு எச்சிலிலும் கலக்கும். வாயிலுள்ள பாக்டீரியா அதை அமோனியாவாக உடைக்கும். ஆனால் என் மூக்குக்கே எட்டியபோது அவருக்கு நோய் முற்றியிருந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

மூக்குக்கு எட்டாத அளவையும் பிடிக்கத்தான் நீங்கள் கேட்ட முகக்கவசத்தில் உள்ள சென்சார். ரோம் நகரின் டோர் வெர்காட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகக்கவசத்தின் அடுக்குகளுக்கு நடுவே அதை வைத்தார்கள். அமோனியா, எத்தனால், புரொப்பனால், அசிட்டோன் ஆகியவற்றை அது உணரும். 2024இல் வந்த முடிவின்படி, சுமார் 100 பேரிடம் சோதித்ததில் நோயாளிகளில் 84% பேரைச் சரியாகக் காட்டியது. நல்ல தொடக்கம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மீதி 16% பேர்? அந்த வரிசையில் உங்கள் அம்மாவை நிறுத்த எனக்கு மனம் வராது.

சர்க்கரைக்கு எடுக்கும் அதே ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் பார்க்கலாம். தனியாக ஊசி வேண்டாம். வருடம் ஒருமுறை போதும். கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை. அதற்கு ஒரு சின்ன டப்பா போதும், இந்த வாரமே கொடுக்கச் சொல்லுங்கள்.