கிங் காங் காடு இந்தப் படத்தில் எப்படி வந்தது?

'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1932) படத்தைப் போட்டால் கிங் காங் படத்தின் காடு வருகிறதே, கோப்பு மாறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கோப்பு மாறவில்லை, நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான். மொத்தமே 63 நிமிடம், அதனால் பாதியில் வெட்டிவிட்டார்களோ என்ற சந்தேகமும் வேண்டாம்.

பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தை கிங் காங்கில் பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதே மரம்தான். இரண்டு படங்களையும் ஹாலிவுட்டின் ஆர்கேஓ ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதே காட்டு செட்டில் எடுத்தார்கள். காங் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனதில் கிங் காங் 1933இல்தான் வெளியானது. நடிகை ஃபே ரே, நடிகர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் இரண்டிலும் உண்டு, இசையும் இரண்டுக்கும் மேக்ஸ் ஸ்டைனர். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

இன்னும் சந்தேகம் என்றால் ஃபே ரேயின் தலைமுடியைப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் இந்தப் படம், பொன்னிறம் என்றால் காங் (அது விக்).

ஒன்று மட்டும்: அமெரிக்காவில் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் யார் யாரோ மங்கலான பிரதிகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடினால் அது நிஜமாகவே வெட்டுப்பட்டதாக இருக்கலாம். கலரில் இருந்தால் பிற்பாடு பூசியது, கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள், அந்தப் பனிமூட்டத் துரத்தல் அதில்தான் எடுபடும்.