பைக் ஸ்டிக்கரை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வந்துவிடாமல் இருக்க

கேள்வி: பழைய பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் டேங்க், சைடு பேனல், மட்கார்டு என்று கண்ட இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். பெயின்ட் கெடாமல் இவற்றை எடுக்க முடியுமா? தின்னர் போட்டுத் துடைத்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: எடுக்க முடியும், ஆனால் தின்னர் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் போவது உண்மைதான், அதோடு வேறு என்னென்ன போகும் என்பதுதான் பிரச்சினை. கம்பெனியிலிருந்து வந்த பெயின்ட் சூடேற்றி இறுக வைத்தது, அது ஓரளவு தாங்கும். நீங்கள் வாங்கியிருப்பது பழைய வண்டி. அந்த டேங்கை நடுவில் யாராவது மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காற்றில் காயவிட்ட சாதாரண பெயின்டாக இருந்தால் தின்னர் பட்டதும் குழைந்து துணியோடு வந்துவிடும்.

அதனால் கையில் எதையும் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிக்கரின் ஓரத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு சின்னப் படியில் தட்டினால் ஸ்டிக்கர் மேலே ஒட்டியது, எடுக்கலாம். எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது கிளியர் கோட்டுக்கு, அதாவது நிறத்தின் மேல் பாதுகாப்புக்காக அடிக்கும் நிறமற்ற படலத்துக்கு, அடியில் இருக்கிறது என்று அர்த்தம். கம்பெனி கிராஃபிக்ஸ் பல வண்டிகளில் இப்படித்தான், ஸ்டிக்கரை ஒட்டி அதன்மேல் கிளியர் கோட் அடித்துவிடுவார்கள். அதை எடுக்க வேண்டுமானால் தேய்த்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிப்பது தவிர வேறு வழி கிடையாது. எந்தத் திரவமும் உள்ளே இறங்காது, வீணாகக் கைவைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வெளியே தெரியாத ஓர் இடத்தில், டேங்கின் அடிப்பக்கமோ சீட்டுக்குக் கீழே மறையும் பாகமோ, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடையுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினாலோ, துடைத்த இடம் பிசுபிசுத்தாலோ, அந்த வண்டிக்கு எந்தக் கரைப்பானும் ஆகாது. வெந்நீர், சோப்பு, எண்ணெய், பொறுமை, இவ்வளவுதான் உங்களிடம் மிச்சம். அதுவே பெரும்பாலும் போதும்.

கேள்வி: சரி, மேலே ஒட்டியதுதான் என்று தெரிந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: முதலில் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டிக்கரைச் சுற்றியிருக்கும் மண்ணும் தூசியும் நீங்கள் தேய்க்கும்போது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். சாதாரண எழுதும் தாளில் ஏறக்குறைய பாதிதான். நாம் காப்பாற்ற நினைப்பது அந்த மெல்லிய படலத்தைத்தான்.

அடுத்தது சூடு. ஸ்டிக்கர் பசை சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சைடு பேனல், மட்கார்டு போன்ற இடங்களில் தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள், கையை வைத்தால் சூடாக இருக்கிறது ஆனால் வைத்திருக்க முடிகிறது என்ற அளவு வந்ததும் நிறுத்திவிடலாம். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஹீட் கன்னை எடுக்காதீர்கள், அதன் காற்று பல நூறு டிகிரி வரை போகும், பிளாஸ்டிக் பேனல் கண்ணெதிரே நெளிந்துவிடும்.

டேங்க் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். பெட்ரோல் உள்ள டேங்கின் அருகில் டிரையர் வேண்டாம். உள்ளே பழுக்கக் காயும் கம்பிச் சுருள் இருக்கிறது, சுவிட்சில் பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துண்டை ஸ்டிக்கர் மேல் போர்த்தி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், ஆறினால் மறுபடி நனைத்துப் போடுங்கள். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் டிரையர் செய்யும் வேலையை இதுவும் செய்கிறது.

இப்போது ஒரு மூலையை நகத்தாலோ, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தாலோ கிளப்புங்கள். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், சாவி எதுவும் கிட்ட வரக்கூடாது. மூலை கிளம்பியதும் மேல்நோக்கித் தூக்காமல், வந்த பகுதியை அப்படியே பின்னால் மடித்து, பெயின்டை ஒட்டினாற்போல மெதுவாக இழுங்கள். சரியாக வரும்போது சன்னமான ஒரு சத்தம் கேட்கும், ஸ்டிக்கர் முழுசாக நீளும், பசையும் பாதிக்கு மேல் அதோடு வந்துவிடும். சட்டென்று பிய்கிற சத்தம் கேட்டால் சூடு ஆறிவிட்டது. நிறுத்தி, மறுபடி சூடேற்றிவிட்டுத் தொடருங்கள். ஒரு பக்கத்து ஸ்டிக்கருக்கு அரை மணி நேரம் ஆகிறதே என்று சலித்துக்கொண்டு இழுக்கும் அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் பெயின்ட் போகிறது, நான் பல வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

வெயிலில் பல வருஷம் காய்ந்த ஸ்டிக்கர் என்றால் முழுசாக வராது, அப்பளம் போல் துண்டு துண்டாக நொறுங்கும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. எண்ணெயில் நனைத்த துணியை மேலே போட்டு ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். தடித்த எழுத்து எம்ப்ளம் மாதிரி இருந்தால் அடியில் நுரைப் பசை டேப் இருக்கும், சூடேற்றிவிட்டு மீன்பிடி நரம்பையோ பல் இடுக்கு நூலையோ பின்னால் விட்டு ரம்பம் அறுப்பது போல இழுத்தால் அழகாகக் கழன்றுவிடும்.

கேள்வி: ஸ்டிக்கர் போய்விட்டது, பிசுக்குப் பசை போகமாட்டேன் என்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர், எது நல்லது?

பதில்: முதலில் சமையல் எண்ணெய். பசையில் தடவி பத்து நிமிடம் விட்டால் ஊறிக் கட்டியாகும், விரலால் உருட்டினாலே உருண்டை உருண்டையாக வரும். அப்புறம் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அல்லது எலுமிச்சை வகைத் தோலெண்ணெயில் செய்த பசை நீக்கி. மண்ணெண்ணெயும் வேலை செய்யும், மெதுவாக ஆவியாவதால் பெயின்டுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, வாசனைதான் போகாது. இவற்றில் எதைப் போட்டாலும் துணியில் தொட்டுத் துடையுங்கள், நேராக ஊற்றாதீர்கள், வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

பெட்ரோல் பசையைக் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூடான என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் நனைந்த துணியோடு நிற்பது எந்த ஸ்டிக்கருக்காகவும் செய்யத் தகுந்த காரியமில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவரைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். பல வருஷம் முன்பு என் வண்டியின் கறுப்பு சைடு பேனலில், உள்ளங்கை அளவு பசை இருந்த இடத்தில், பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். நாலு தேய்ப்பில் பசை போனது, கூடவே பளபளப்பும் போய், அந்த இடம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறி, தொட்டால் ஒட்டியது, என் விரல் ரேகை அப்படியே அதில் பதிந்து நின்றது. அந்த ரிமூவரில் இருந்தது அசிட்டோன். பைக் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அது அசிட்டோனில் கரையும். கடைசியில் பேனலையே மாற்ற வேண்டியிருந்தது.

கடையில் விற்கும் பசை நீக்கி வாங்குவதானால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அசிட்டோன், டொலுயீன் என்று இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதுகாப்பு என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

கேள்வி: என்னுடையது மேட் ஃபினிஷ். இதே முறைதானா?

பதில்: சூடேற்றி உரிப்பது வரை இதேதான். அதற்கப்புறம் கை பாரமாகவே இருக்கக்கூடாது. மேட் பெயின்டின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருப்பதால்தான் மின்னாமல் இருக்கிறது. தேய்த்தால் மேடு சமமாகி அந்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. பாலிஷ், வேக்ஸ், ரப்பிங் காம்பவுண்டு மூன்றையும் மறந்துவிடுங்கள். ஸ்டிக்கரையும் பசையையும் தேய்த்து எடுக்க டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரமும் உங்களுக்கு ஆகாது.

கேள்வி: ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசு போல் அச்சாகத் தெரிகிறது. பெயின்ட் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டது அந்த இடம் இல்லை, சுற்றியிருப்பதுதான். பல வருஷம் ஸ்டிக்கர் வெயிலை மறைத்ததால் அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கிறது, வெளியே வெளுத்துவிட்டது. பளபளப்பு பெயின்ட் என்றால் மென்மையான பாலிஷ் போட்டுச் சுற்றுப் பகுதியைத் துடைத்தால் மேலே மங்கிய படலம் போய் வித்தியாசம் குறையும். நிறமே வெளுத்திருந்தால் முழுசாக மறையாது. சிவப்பு வண்டிகளில் இது அதிகம். அப்படியிருந்தால் அதே அளவில் வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதே நல்ல முடிவு. கம்பெனி கிராஃபிக்ஸை எடுப்பவர்கள், அது உதிரி பாகமாக இன்னும் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கைவையுங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டில் உள்ள ஸ்டிக்கரையும் இப்படியே எடுக்கலாமா?

பதில்: வெந்நீர்த் துணி, சோப்பு, நகம், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் வேண்டாம். ஓடு பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ் ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாகும். உள்ளே அடியை வாங்கிக்கொள்வது தெர்மோகோல் வகை நுரை, அது பெட்ரோல் பட்டால் கரைந்து குழியாகிவிடும். வெளியே பார்த்தால் ஹெல்மெட் நன்றாகத்தான் இருக்கும், விழும்போது தலையைக் காப்பாற்றாது. ஸ்டிக்கர் வரவில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: பழைய வண்டி பார்க்கப் போகிறேன், டேங்க் முழுக்க ஸ்டிக்கர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் ஸ்டிக்கர் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு. குழியோ மேடோ கைக்குத் தட்டுப்படும், அடியில் துரு இருந்தால் ஸ்டிக்கர் கொப்புளம் போல் எழும்பியிருக்கும். ஒரு மூலையைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் தயங்கினால் அந்த இடத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எச்சரிக்கைக் குறிப்பும் வண்டி அடையாள எண்ணும் அச்சிட்ட கம்பெனி ஒட்டுத்தாள்களை மட்டும், வாங்கிய பிறகும், சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள்.